ஆத்து மலையில் கேட்ட சீழ்க்கை

செல்லம்மாக்கா கூடையைக்கூடக் கழற்றாமல் பிள்ளை மடுவத்து வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் கொழுந்தெடுக்கப் போன பெண்கள் எல்லோரும் நின்றார்கள். தேநீர் நேரம் இன்னும் ஆகவில்லை. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்குகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர், கொஞ்சம் வெளிய வாங்க."

"என்னக்கா, யாருக்காச்சும் குளவி கொட்டிருச்சா?"

"குளவி இல்லைங்க. ஆத்து மலையில யாரோ விசிலடிக்கிறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எவனாச்சும் வேலையத்த பய அடிச்சிருப்பான்."

"பயலுக அடிக்கிற விசில் எனக்குத் தெரியாதா? இது வேற மாதிரி. ஆளைக் கூப்பிடுது. பேரு சொல்லாம கூப்பிடுது."

சொன்னவர் அதை மெல்ல முனகிக் காட்டினார். மேலே ஏறும் சின்னச் சின்னத் துண்டுகள், பிறகு ஓர் இறக்கம், கடைசியில் ஒரு நீண்ட இழுப்பு. மடுவத்துக்குள் தொட்டிலில் கிடந்த குழந்தை ஒன்று அழுகையை நிறுத்தியது. சிரித்துக்கொண்டிருந்த நானும் நிறுத்திவிட்டேன்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் திருவிழாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் மலையில் பேய் பிசாசெல்லாம் கிடையாதா?" என்று பதுளை வாசகி ஒருவர் கேட்டிருந்தார். பேயைப் பற்றி எனக்குத் தெரியாதம்மா. இந்தச் சீழ்க்கையைப் பற்றித் தெரியும். என் வீட்டில் சாப்பிட்ட ஒரு பிள்ளை சம்பந்தப்பட்டது அது.

சீனாக்காரன்

மஸ்கெலியாப் பக்கத்தில் எங்கள் தோட்டம். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்துக்கு நான் பொறுப்பு. என் கணவர் மோகன் அப்போது பேக்டரியில் வேலை. கொழுந்து அரைக்கும் ரோலர்கள் அடிக்கடி நின்றுபோன ஒரு காலத்தில், அவற்றைச் சரிசெய்ய அஸ்ஸாம் தோட்டமொன்றில் வேலை பார்த்த ஒரு பிட்டரை வரவழைத்தார்கள். அவன்தான் ஷான்போர்.

சின்னக் கண், அகன்ற கன்னம், மஞ்சள் நிறம். லயத்தில் முதல் நாளே 'சீனாக்காரன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "நான் இந்தியா" என்றான் அவன். "நாங்களும் ஒருகாலத்துல இந்தியாதாம்பா, திருச்சிப் பக்கம்" என்றார் செல்லம்மாக்கா. பேக்டரியே சிரித்தது.

அவன் காசி இனத்தவன். நம் காசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேகாலயா என்கிற மலை மாநிலத்தில் ஷில்லாங்கைச் சுற்றி வாழும் மக்கள் அவர்கள். பேசும் பாஷை அக்கம்பக்கத்து மலைக்காரர்களின் பாஷையோடு ஒட்டாதாம். பாதிக்குமேல் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவன் குடும்பம் மட்டும் பழைய வழியை விடவில்லை.

பேக்டரியில் எந்திரத்துக்குக் காவல் தெய்வம் ரோதமுனி. புது ரோலர் ஓட்டும்போது தேங்காய் உடைத்துக் கும்பிடுவோம். ஷான்போர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. தன் பையிலிருந்து ஒரு பச்சைப் பாக்கை எடுத்து நறுக்கி, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி முனியின் கல்லுக்கு முன்னால் வைத்தான். அன்றிலிருந்து அவனை யாரும் சீனாக்காரன் என்று கூப்பிடவில்லை. 'ஷான் தம்பி' ஆகிவிட்டான்.

வெற்றிலை போடுவதில் எங்கள் பெண்கள் அவனிடம் தோற்றார்கள். "எங்க ஊர்ல ஆள் செத்தா, செத்துட்டான் சொல்ல மாட்டோம் கொங்" என்றான் ஒருநாள். கொங் என்றால் அவர்கள் பாஷையில் அக்கா. "கடவுள் வீட்டு வாசல்ல பாக்கு போடுறான். அப்படித்தான் சொல்வோம்."

கடைசிப் பெண்ணின் வீடு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கருவாடு பொரித்தால் அவனுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். பேச ஆரம்பித்துவிடுவான்.

அவர்களிடம் பிள்ளைகளுக்குத் தாயின் குலப்பெயர்தான். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறான். குடும்ப வீடு மகன்களுக்கு இல்லை, மூத்த மகளுக்கும் இல்லை. கடைசி மகளுக்கு.

நானும் கடைசி மகள்தான். என் அப்பா இருந்த லயத்துக் காம்பரா என் அண்ணனுக்குப் போனது. அதைச் சொன்னபோது மோகன் சோற்றைப் பிசைந்தபடியே, "நல்லவேளை நான் இங்க பொறந்தேன்" என்றார்.

"அது பரிசு இல்லை அண்ணே, சுமை" என்றான் ஷான்போர். "அம்மா அப்பாவைப் பார்க்கணும். கல்யாணம் இல்லாத அண்ணன் தம்பியைப் பார்க்கணும். செத்தா சடங்கு செய்யணும். எரிச்ச பிறகு எலும்பு பொறுக்கிக் குலத்துக் கல்லறைக்குக் கொண்டு சேர்க்கிற வரைக்கும் அவ தலையிலதான். எங்க வீட்டுல எங்க பலாரி அக்காதான் கடைசிப் பொண்ணு. என் எலும்பு அவ கணக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அவன் சொன்னதில் எனக்கு மறக்காத இன்னொன்று தலேன் என்ற பாம்பின் கதை. ஆட்களைத் தின்ற அந்தப் பாம்பை முன்காலத்து மக்கள் ஒன்றுசேர்ந்து கொன்று, துண்டு துண்டாக வெட்டித் தின்று தீர்த்தார்களாம். ஒரு கிழவி மட்டும் மகனுக்கென்று எடுத்துவைத்த துண்டை மறந்துவிட்டாள். அந்தத் துண்டு மறுபடி பாம்பாகிவிட்டது. அதை வளர்க்கும் வீட்டில் செல்வம் கொழிக்கும். ஆனால் அதற்குக் காசி மனிதரின் ரத்தம் வேண்டும். ரத்தத்துக்காக ஆள் தேடுகிறவர்கள் பாதையில் திரிகிறார்கள் என்று இன்றும் அங்கே தனியாக நடக்கப் பயப்படுகிறார்களாம்.

எங்கள் மலைக்குக் கீழே நீர்த்தேக்கம் கட்டிய காலத்தைப் பற்றி என் அம்மா இதையேதான் சொல்லியிருக்கிறார். அணை தலை கேட்கிறது என்று சொல்லிப் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்களாம். அப்படி யாரும் காணாமல் போனதாகத் தெரியவில்லை. பயம் மட்டும் நிஜம். அந்தத் தண்ணீருக்கடியில் பழைய மஸ்கெலியா பட்டணம் கிடக்கிறது. வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயில் தலைகாட்டும்.

"அப்போ உங்க பாம்பு தண்ணீருக்குள்ள இருக்கு" என்றான் அவன். மோகன் பேச்சை மாற்றினார்.

மழை பெய்த ஞாயிறு

ஆத்து மலைக்கு மேலே காடு. விறகுக்குக்கூட எங்கள் ஆட்கள் அங்கே அதிகம் போவதில்லை. ஷான்போர் சாப்பிட்ட பிறகு அங்கே நடக்கப் போவான். அவன் ஊரில் தெய்வத்துக்கென்று விட்ட காடுகள் உண்டாம். உள்ளே போகலாம், உட்காரலாம். வெளியே வரும்போது ஓர் இலையைக்கூட எடுத்து வரக்கூடாது. எங்கள் காட்டிலும் அவன் அப்படித்தான் நடந்துகொண்டான். வரும்போது செருப்பில் ஒட்டிய சருகைக்கூடத் தட்டிவிட்டு வருவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. "இன்னைக்கு வேணாம் தம்பி" என்றேன். "சீக்கிரம் வந்துடுவேன் கொங்" என்றான். கொஞ்ச நேரத்தில் மேலே எங்கோ வானம் பிளந்தது. வீட்டிலிருந்தே ஆற்றின் சத்தம் கேட்டது.

மறுநாள் அவன் குடை, ஆறு நீர்த்தேக்கத்தில் சேரும் இடத்தில் கிடைத்தது. பிறகு ஒரு செருப்பு. கடற்படை ஆட்கள் வந்து முங்கிப் பார்த்தார்கள். தோட்டத்து ஆண்கள் கரை முழுக்கத் தேடினார்கள். மோகன் பல நாள் வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. உடல் கிடைக்கவில்லை.

அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகுதான் செல்லம்மாக்கா மடுவத்து வாசலில் வந்து நின்றது.

வெளிக்கள உத்தியோகத்தர் வந்து சத்தம்போட்டார். "அது குருவி. காட்டுக் குருவி ஆயிரம் சத்தம் போடும். மலைக்குப் போங்க." போனார்கள். மறுநாளும் கூடை நிறையாமல் திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு ஆத்து மலையில் கொழுந்து முற்றிக்கொண்டே போனது.

பலாரி வந்தாள்

ஷான்போரின் அக்கா வருவதாகத் தோட்டத்து மேனேஜர் துரைக்குத் தகவல் வந்தது. ஓட்டலில் தனியாக இருக்க வேண்டாம், டீச்சர் வீட்டில் தங்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஹட்டன் ஸ்டேஷனில் போய்க் கூட்டிவந்தோம். தோள்வழியே முடிச்சிட்ட கட்டம்போட்ட துணி, கையில் ஒரு சின்னப் பை. தம்பியின் கன்னம் அப்படியே அவளுக்கும் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை.

அவள் பேசியது ஆங்கிலமும் இந்தியும். என் பள்ளிக்கூட ஆங்கிலத்தையும் டிவி நாடகத்து இந்தியையும் வைத்து நான் புரிந்துகொண்டதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அம்மா சடங்குக்குச் சம்மதிக்கவில்லை என்றாள் பலாரி. உடம்பைக் காட்டாமல் என் மகன் செத்தான் என்று சொல்லாதே என்கிறாராம். தினமும் சாயங்காலம் முற்றத்தில் நின்று அவனுடைய பாட்டைப் பாடிக் கூப்பிடுகிறாராம்.

"எந்தப் பாட்டு?"

அவர்கள் பக்கத்துச் சில கிராமங்களில் மட்டும் உள்ள வழக்கம் அது. பிள்ளை பிறந்ததும் தாய் அதற்கென்று ஒரு மெட்டுக் கட்டுகிறாள். சொல் கிடையாது, மெட்டு மட்டும். ஒருவருடையது இன்னொருவருக்கு வராது. வீட்டுக்குள் சின்னதாகவும், காட்டில் நீளமாகவும் பாடியோ சீழ்க்கையடித்தோ கூப்பிடுவார்கள். காட்டில் பெயரைச் சொல்லக்கூடாது. அங்கே இருப்பவை பெயரைக் கற்றுக்கொண்டு ஆளை நோயில் தள்ளிவிடுமாம். ஆள் செத்தால் மெட்டும் செத்துவிடும். அதன்பிறகு அதை யாரும் பாடமாட்டார்கள்.

அடுப்படியில் நின்றிருந்த நான் அகப்பையைக் கீழே வைத்தேன். சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. கடைசியில், செல்லம்மாக்கா முனகிக் காட்டியதை அவளிடம் முனகிக் காட்டினேன்.

பலாரி எழுந்துவிட்டாள்.

"அது ஷான் தம்பியோட பாட்டா?" என்று கேட்டேன்.

"இல்லை. அது என் பாட்டு."

பதில் கொடுக்காமல்

மறுநாள் பகலில் செல்லம்மாக்கா முன்னே நடக்க நாங்கள் ஆத்து மலைக்குப் போனோம். எடுக்காமல் விட்ட தேயிலை இடுப்புக்கு மேல் வளர்ந்து பாதையை மூடியிருந்தது. அக்கரை டர்பன்டைன் மரங்களைப் பனி பாதிவரை விழுங்கியிருந்தது. ஆறு அன்று சாது மாதிரி ஓடியது.

நெடுநேரம் ஒன்றுமில்லை. திரும்பலாமா என்று நான் வாயெடுத்தபோது கேட்டது.

அக்கரையிலிருந்து வந்தது. உரக்கவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. மேலே ஏறி, இறங்கி, கடைசியில் அந்த நீண்ட இழுப்பு. முடிந்ததும் சற்று நேரம் அமைதி. எதிர்பார்த்துக் காத்திருக்கும் அமைதி. மறுபடியும் முதலிலிருந்து.

பலாரியின் உதடு தானாகக் குவிந்தது. மூச்சைக்கூட இழுத்துவிட்டாள். அடுத்த கணம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். செல்லம்மாக்கா அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டார்.

லயத்துக்குத் திரும்பும்வரை அவள் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பதில் கொடுத்தா அவன் பாட்டைப் பாடணும்" என்றாள் வீட்டுக்கு வந்தபின். "பாடினா அவன் உயிரோட இருக்கான்னு நானே சொன்ன மாதிரி. வழிவழியா வந்தது, கொங். அதை ஏமாத்த முடியாது."

"அது அவன்தானா?"

அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தண்ணி இழுத்தப்போ அவன் என்னைத்தான் கூப்பிட்டிருக்கான். திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கான். உங்க காடு கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. கத்துக்கிச்சு."

குருவியும் கேட்டுப் பழகும்தானே என்று மோகன் பிறகு என்னிடம் சொன்னார். இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் பலாரி ஊருக்குப் பேசினாள். போனை எடுத்ததும் அந்தப் பக்கம் அம்மா பாடும் சத்தம். வயதான குரல்தான், ஆனால் நடுக்கமே இல்லை. அதுதான் ஷான்போரின் மெட்டு என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. பலாரி இடைமறிக்கவில்லை. பாடி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு அவர்கள் பாஷையில் சில வார்த்தை மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் போன் கட்டாகிவிட்டது.

அப்போதுதான் அவள் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்று பாதை கூடும் இடம்

வெளிதேசத்தில் ஒருவன் செத்து, உடம்பும் கிடைக்காவிட்டால் அதற்கும் அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. மூன்று பாதை கூடும் இடத்தில் நின்று அவனைக் கூப்பிட வேண்டும். சோழிகளை மேலே வீச வேண்டும். கீழே விழும் சோழிதான் இனி அவன் உடம்பு. அதைக் கொண்டுபோய் முறைப்படி எரிப்பார்கள். வழக்கமாகச் சொந்த ஊர்ச் சந்தியில் செய்வதாம். அவன் குரல் இங்கே மாட்டிக்கொண்டிருப்பதால் இங்கேயே செய்கிறேன் என்றாள். சோழிகளைப் பையில் கொண்டுவந்திருந்தாள்.

தோட்டத்துப் பாதையும், நல்லதண்ணி ரோட்டும், மஸ்கெலியா ரோட்டும் கூடும் சந்திக்குக் காலையிலேயே போனோம். காலை ஆள்கணக்கான பெரட்டு முடிந்து மலைக்குப் போகவேண்டிய பெண்களில் பாதிப்பேர் அங்கே நின்றார்கள். கங்காணி ஒன்றும் சொல்லவில்லை.

பலாரி நடுவில் நின்று வாயைத் திறந்தாள். மெட்டு இல்லை. பெயர்.

"ஷான்போர்!"

அந்தச் சின்ன உடம்பிலிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை. வா, உன்னைச் சேர்த்து எடுத்துப்போகிறோம் என்று அவர்கள் பாஷையில் கூப்பிட்டபடி சோழிகளை வீசினாள். அந்த நேரம் பார்த்து நல்லதண்ணியிலிருந்து பஸ் வந்தது. ஒரு சோழி உருண்டு அதன் சக்கரத்துக்கடியில் போய்விட்டது.

சிங்கள டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். இறங்கி, குனிந்து, கையை நீட்டித் துழாவி அதை எடுத்தார். "மே, நங்கி" என்று அவளிடம் கொடுத்தார். இந்தா தங்கச்சி என்று அர்த்தம். என்ன ஏது என்று கேட்கவில்லை. ஒரு நிமிடம் கைகூப்பி நின்றுவிட்டுப் போய் ஏறிக்கொண்டார்.

வேறு எதுவும் நடக்கவில்லை. காற்றுகூட அடிக்கவில்லை. நான் பெரிதாக ஏதோ எதிர்பார்த்திருந்தேன் போல.

பிறகு ஆற்றங்கரைக்குப் போய் இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஒரு வெள்ளை நூலைக் கட்டினாள். ஆவிகளால் தண்ணீரைத் தாண்ட முடியாதாம், நூல்தான் அவர்களுக்குப் பாலம். அவன் வழி தவறாமல் பின்னால் வர வழிநெடுக இலை போட வேண்டும் என்றாள். செல்லம்மாக்கா மடி நிறையத் தேயிலை பறித்துவந்தார். "முத்தின இலையாத்தான் எடுத்தேன், தொரை கோவிக்க மாட்டாரு" என்றார்.

ஹட்டனுக்கு வேனில் போனோம். பலாரி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வோர் இலையாக வெளியே விட்டுக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு பாலத்திலும் வேனை நிறுத்தி நூல் கட்டினோம். அவளுக்குப் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. உட்காராதே என்று யாரும் சொல்லவும் இல்லை.

ஸ்டேஷனில் இறங்கும்போது பார்த்தேன். அந்த இருக்கை நனைந்திருந்தது. ஜன்னல் திறந்திருந்தது, தூறல் அடித்திருக்கும் என்று சொல்லலாம். தூறல் மறுபக்கத்திலிருந்துதான் அடித்தது. மோகனும் பார்த்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு

ஆத்து மலையில் சீழ்க்கை நின்றுவிட்டது. முதலில் செல்லம்மாக்கா மட்டும் போய் ஒரு நாள் கொழுந்தெடுத்தார். மறுநாள் எல்லோரும் போனார்கள். இப்போது அங்கே பாட்டும் சிரிப்பும் கேட்கிறது.

சில மாதங்களுக்குப் பிறகு பலாரி வீடியோவில் வந்தாள். சோழிகளை எரித்து, குலத்துக் கல்லறையில் சேர்த்தாகிவிட்டது. அவள் வீட்டு வாசலை மிதித்த அன்றிலிருந்து அம்மா பாடவில்லை. சடங்கு முழுவதையும் முன்னால் நின்று நடத்தியது அம்மாதானாம்.

அந்த அம்மா போனைக் கையில் வாங்கிக்கொண்டார். அடுப்பு வெளிச்சத்தில் சுருங்கிய முகம், பாக்குப் போட்டுச் சிவந்த வாய். என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"என் மகனுக்குச் சோறு போட்டவளை வெறும் பேரால கூப்பிட எனக்கு மனசில்லைன்னு சொல்றாங்க" என்றாள் பலாரி. "மெட்டு பெத்த பிள்ளைக்குத்தான் வைப்பாங்க. அம்மா இப்படி வேற யாருக்கும் வெச்சதில்லை."

பிறகு அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு பாடினார். நான் இதுவரை கேட்காத மெட்டு. ஒருமுறை பாடி, நான் திருப்பிச் சொல்லும்வரை காத்திருந்தார். தப்பாகச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி பாடினார். சரியாக வரும்வரை விடவில்லை.

போனை வைத்ததும் மோகன் பக்கத்தில் வந்தார். "எங்க, பாடிக் காட்டு பாப்போம்" என்றார்.

வெளியே நல்ல பகல் வெளிச்சம். மலைச் சரிவில் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"கதவைச் சாத்துங்க" என்றேன்.

அவர் போய்ச் சாத்தி, தாழும் போட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் பாடினேன்.